பழைய மென்பொருளைத் தூக்கி எறியாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

புதிய கணினி வந்துவிட்டது. படங்கள், கடிதங்கள், கணக்குகள் எல்லாவற்றையும் அதற்கு மாற்றியாகிவிட்டது. கடைசியாக, பல ஆண்டுகள் கைபழகிய ஒரு மென்பொருளைத் திறக்கிறீர்கள். ‘இது உங்கள் கணினியில் இயங்காது’ என்று திரையில் ஒரு பெட்டி எழுகிறது. பக்கத்தில் இருப்பவர் உடனே சொல்வார்: “அது பழையது, விட்டுவிடுங்கள், வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்.”

அந்த யோசனையை அவ்வளவு எளிதில் ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே வந்திருக்கிறேன். மென்பொருள் தேய்வதில்லை, துருப்பிடிப்பதும் இல்லை. எழுதிய அன்று இருந்தபடியே இன்றும் இருக்கிறது. மாறியிருப்பது அதைச் சுற்றியுள்ள கணினி. சுற்றிலும் எது மாறியது என்று தெரிந்துகொண்டால் பெரும்பாலும் வழி பிறக்கும்.

மிக எளிய காரணத்திலிருந்து தொடங்குகிறேன். பல மென்பொருள்கள் விழித்தவுடன், விண்டோஸ் போல கணினியையே நடத்தும் அடிப்படை மென்பொருளான இயங்குதளத்திடம், ‘நீ எந்தப் பதிப்பு?’ என்று கேட்கும். 1995இல் விண்டோஸ் 95 வந்தபோது இந்தக் கேள்வியே பெரிய தலைவலியாக இருந்தது. அதற்கு முந்தைய விண்டோஸ் 3.1, உள்ளுக்குள் 3.10 என்று குறிக்கப்பட்டிருந்தது. ‘முதல் எண் 3க்குக் குறையக்கூடாது, புள்ளிக்குப் பிந்தைய எண் 10க்குக் குறையக்கூடாது’ என்று இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்கும்படி நிரலாளர்கள் பலர் எழுதிவைத்திருந்தார்கள். புதிய விண்டோஸ் 4.0 என்று உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? 4 தேறிவிடும், பூஜ்யம் தேறாது. புத்தம் புதிய இயங்குதளத்தைப் பார்த்து ‘நீ மிகவும் பழையது’ என்று சொல்லி மென்பொருள் நின்றுவிடும்! ஆகவே விண்டோஸ் 95 அந்தப் பழைய மென்பொருள்களிடம் மட்டும் தன்னை 3.95 என்று சொல்லிக்கொண்டது. பிறர் செய்த பிழைக்காகப் புதியவன் வளைந்துகொடுத்த அந்தப் பெருந்தன்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இன்றைய விண்டோஸிலும் அந்த வசதி இருக்கிறது. மென்பொருளின் கோப்பை வலது சொடுக்கினால் ‘பிராப்பர்ட்டீஸ்’ வரும். அதில் ‘கம்பாட்டிபிலிட்டி’ என்ற பகுதியில் பழைய விண்டோஸ் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். வேறு எதையும் தொடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

இன்னொரு சிக்கல். மென்பொருள் திறக்கிறது, ஆனால் சேமித்த கோப்பைக் காணவில்லை. பழைய மென்பொருள்கள் தம் அமைப்புகளையும் தரவுகளையும் தாம் நிறுவப்பட்ட கோப்புறையிலேயே எழுதும். 2007இல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, பாதுகாப்புக்காக அதைத் தடுத்தது. தடுத்ததோடு நிற்காமல், எழுதப்பட்டதைப் பயனரின் கோப்புறைக்குள் ‘விர்ச்சுவல்ஸ்டோர்’ என்ற மறைவான இடத்துக்குத் திருப்பியும் விட்டது. மென்பொருளும் நிம்மதியாக இருக்கிறது, இயங்குதளமும் நிம்மதியாக இருக்கிறது, கோப்பைத் தேடும் நமக்குத்தான் நிம்மதி இல்லை. நிறுவும்போதே ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறையைத் தவிர்த்து வேறோர் இடத்தைக் கொடுத்தால் இது தீரும். எப்போதும் நிர்வாகி அதிகாரத்தோடு இயக்குங்கள் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு சிறு மென்பொருளுக்காக வீட்டுச் சாவி முழுவதையும் கொடுக்கத் தேவையில்லை.

இனி, எனக்கு மிகவும் பிடித்த கதை. விண்டோஸ் பரவுவதற்கு முன்பு டாஸ் என்ற இயங்குதளம் இருந்தது. டர்போ பாஸ்கல் என்ற நிரல்மொழிக் கருவியில் டாஸ் காலத்து மென்பொருள்கள் ஏராளமாக எழுதப்பட்டன. 1990களின் பிற்பகுதியில் வேகமான கணினிகள் வந்ததும் அவற்றில் பல, திறந்த மாத்திரத்தில் ‘பிழை 200’ என்று சொல்லிவிட்டு நின்றன. 200 என்றால் பூஜ்யத்தால் வகுத்தல். ஆனால் யாரும் பூஜ்யத்தால் வகுக்கவில்லை!

நடந்தது இதுதான். அந்தக் கருவியோடு வந்த ஒரு பகுதி, பிறகு மென்பொருள் சிறிது நேரம் காத்திருக்க வேண்டி வந்தால் கணக்கு வைக்க உதவும் என்று, கணினி எவ்வளவு வேகமானது என்று தொடக்கத்திலேயே அளந்து பார்க்கும். கணினிக் கடிகாரத்தின் ஒரு துடிப்பு சுமார் 55 மில்லிவினாடி. அதற்குள், எந்த வேலையும் செய்யாமல் திரும்பத் திரும்ப ஓடும் ஒரு வெற்றுச் சுற்றை எத்தனை முறை ஓட்ட முடிகிறது என்று எண்ணி, அதை 55ஆல் வகுக்கும். விடையை வைக்க ஒதுக்கிய இடத்தில் 65,535 வரைதான் கொள்ளும். அதை எழுதிய காலத்தில் எந்தக் கணினியும் அந்த எண்ணின் அருகில்கூட வரவில்லை. பிறகு வந்த கணினிகள் அதைத் தாண்டின. விடை கொள்ளாமல் வழிந்தது. விடை கொள்ளாவிட்டாலும் பூஜ்யத்தால் வகுத்தாலும் செயலி எழுப்பும் எச்சரிக்கை ஒன்றுதான். அதனால்தான் அந்தத் தவறான பெயர்.

யோசித்துப் பாருங்கள். கணினி மெதுவானது என்பதால் மென்பொருள் நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இங்கே கணினி வேகமானது என்பதால் நின்றது! காத்திருக்கும் வேலை எதுவுமே இல்லாத மென்பொருளும் நின்றது, ஏனென்றால் அளவு பார்ப்பது தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது.

மருந்து என்ன? டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள், பழைய கணினி ஒன்றை முழுவதுமாகப் பாவனை செய்கிறது. அதன் வேகத்தை நாமே குறைக்கலாம். குறைத்தால் பிழை 200 மறைந்துவிடும். டாஸ் காலத்து மென்பொருள் எதுவானாலும் முதலில் டாஸ்பாக்ஸில் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது, 16 பிட் மென்பொருள்கள். பிட் எண்ணிக்கை என்பது ஒரே வீச்சில் கையாளும் தரவின் அளவு; 16 பழையது, 32 அதற்கு அடுத்தது, 64 இன்றையது. 64 பிட் விண்டோஸ் இவற்றை அறவே இயக்காது. விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பும் இல்லை. ஒன்றைக் கவனியுங்கள்: 1990களின் சில மென்பொருள்கள் 32 பிட்டாக இருந்தும், அவற்றை நிறுவும் கோப்பு மட்டும் 16 பிட்டாக இருக்கும். அதனால் நிறுவவே முடியாது. பழைய கணினியில் நிறுவிய கோப்புறையை அப்படியே நகலெடுத்தால் சில நேரங்களில் இயங்கிவிடும். மேக் கணினிகளில், 2019இல் வந்த கேட்டலினா என்ற இயங்குதளப் பதிப்பு 32 பிட் மென்பொருள்களையே கைவிட்டுவிட்டது.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளம் வைத்திருப்பவர்களுக்கு 1993இல் தொடங்கிய ‘வைன்’ என்ற மென்பொருள் இருக்கிறது. விண்டோஸுக்கென எழுதிய மென்பொருள் கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி அது மாற்றிச் சொல்கிறது. 64 பிட் விண்டோஸே ஒதுக்கிய 16 பிட் மென்பொருள்கள் பல வைனில் ஓடுவது வியப்புதான்.

தயாரிப்பாளர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார். கணினிக்குள் இன்னொரு கணினியைப் போல ஓடும் மெய்நிகர் கணினியைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற ஒன்றுக்குள் பழைய விண்டோஸையே நிறுவலாம். அதற்கு இணையத் தொடர்பு மட்டும் கொடுக்காதீர்கள், பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன இயங்குதளம் அது. பழைய ஸ்கேனர் போன்ற கருவிகளைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் என்ற மென்பொருளுக்குக் கம்பாட்டிபிலிட்டி வசதி உதவாது. 64 பிட் விண்டோஸுக்கு 64 பிட் டிரைவரே வேண்டும்.

கடைசியாக, பழைய கணினி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், மென்பொருளுக்குள் இருக்கும் தரவை எளிய உரைக் கோப்பாக வெளியே எடுத்துவிடுங்கள். நிறுவும் வட்டையும் உரிம எண்ணையும் நகலெடுத்து வையுங்கள். பழைய கணினியை யாருக்காவது கொடுப்பதற்கு முன், இன்றைக்கே செய்யுங்கள். வணக்கம்.