பொம்மைப் படத்தில் வரும் பெரியவர்கள்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சின்ன வயதில் பார்த்த பொம்மைப் படங்களை வளர்ந்த பிறகு திரும்பப் பார்ப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் மன்னார்குடி பக்கத்தில் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. வீட்டிலும் சரி, பள்ளியிலும் சரி, பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்தப் படங்களைப் பார்க்கிறவள். கார்ட்டூன் ஓடினால் "புள்ளைங்க பாக்கட்டும்" என்று விட்டுவிட்டு நாம் எல்லோரும் அடுப்படிக்கோ திண்ணைக்கோ போய்விடுகிறோம். போகாதீர்கள், உட்காருங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன். சின்ன வயதில் நம் கண் முழுக்க அந்தக் குட்டி மீன் மேலும் மான்குட்டி மேலும்தான் இருந்தது. அதே படத்தில் ஒரு அப்பா இருந்தார், ஒரு அம்மா இருந்தாள், பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருத்தி இருந்தாள். அவர்கள் படுகிற பாடு அப்போது நமக்குப் புரியவில்லை. வரைந்தவர்கள் அதையும் ஒன்று விடாமல் வரைந்துதான் வைத்திருக்கிறார்கள்.

2003-இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ'வை எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூட வயதில் அதைப் பார்த்தவர்களுக்கு இன்று கல்யாணமாகிக் கையில் பிள்ளை இருக்கும். காணாமல் போன மீன்குட்டியைத் தேடி ஒரு அப்பா மீன் கடலெல்லாம் அலைகிற கதை. அன்றைக்கு நமக்கு அந்த அப்பா ஒரு தொந்தரவு. அங்கே போகாதே, இதைத் தொடாதே என்று சதா நச்சரிப்பவர். இப்போது பார்த்தால் முதல் காட்சியே நெஞ்சைப் பிடிக்கிறது. பெரிய மீன் ஒன்று வந்து மனைவியையும் முட்டைகளையும் கொண்டுபோய்விடுகிறது. மிஞ்சியது ஒரே ஒரு முட்டை. அவர் ஏன் அப்படி ஆனார் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். "இவனுக்கு ஒன்றும் ஆகவிடமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே திரிகிறவரிடம், வழித்துணையாக வந்த டோரி என்ற மறதிக்கார மீன் கேட்கிறது: ஒன்றுமே ஆகாமல் பார்த்துக்கொண்டால் அவன் வாழ்க்கையில் எதுதான் நடக்கும்?

டெல்டாவில் பிள்ளை வளர்க்கிறவர்களை இந்தக் கேள்வி நேராகவே குத்தும். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தால், அடுத்த சில நாளில் கல்லணை தாண்டி வெண்ணாறு, பாமணி ஆறு, வாய்க்கால் என்று தண்ணீர் வந்துவிடும். வயலுக்குச் சந்தோஷம், பெற்றவர்களுக்கு வயிற்றில் நெருப்பு. "ஆத்துப் பக்கம் போனே, காலை ஒடிச்சிடுவேன்" என்று அதட்டி வைக்கிறோம். நம் அப்பாக்கள் மதகிலிருந்து குதித்து நீந்தக் கற்றவர்கள். அவர்களின் பேரப் பிள்ளைகளோ ஆற்றங்கரையிலேயே குடியிருந்தும் நீச்சல் தெரியாமல் வளர்கிறார்கள். பயந்து பயந்து நாமே ஆபத்தைக் கூட்டிவிட்டோம் என்பது என் எண்ணம். அப்பாவோ மாமாவோ கூட இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் பிடித்துக்கொண்டு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

அடுத்தது டிஸ்னி நிறுவனம் 1942-இல் வெளியிட்ட 'பாம்பி'. ஃபெலிக்ஸ் சால்டன் 1923-இல் வெளியிட்ட நாவல்தான் மூலம். பனிக்காலத்தில் தின்ன ஒன்றும் இல்லாமல் மரப்பட்டையைக் கடித்துக்கொண்டிருந்த தாய்மானும் குட்டியும், பனிக்கு நடுவே முளைத்த புதுப் புல்லைக் கண்டு ஆசையாக மேய்கின்றன. திடீரென்று தாய் தலையைத் தூக்குகிறது. ஓடு, திரும்பிப் பார்க்காதே என்கிறது. குட்டி ஓடுகிறது. ஒரு வெடிச் சத்தம். அவ்வளவுதான். தாய் விழுவதைக் காட்டவில்லை. சுட்டவனையும் காட்டவில்லை, அந்தப் படத்தில் மனிதன் திரையில் வருவதே கிடையாது. குட்டி பனியில் அம்மாவைக் கூப்பிட்டுத் தேடுகிறது, பெரிய கலைமான் வந்து, உன் அம்மா இனி உன்னோடு இருக்க முடியாது என்கிறது.

அந்தக் காட்டுக்கு அடிப்படையான ஓவியங்களைத் தீட்டியவர் டைரஸ் வாங். இலை இலையாக வரையாமல், நாலு தீற்றலில் பனியையும் மூட்டத்தையும் கொண்டுவந்துவிடுவார். சீனாவின் சுங் அரச வம்சக் காலத்து இயற்கை ஓவியங்களிலிருந்து அவர் பெற்றது அது. அவர் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்தப் படமே வேறாகிவிட்டது. 1920-இல், ஒன்பது வயதில், அப்பாவோடு கப்பலேறி அமெரிக்கா போனவர். போய் இறங்கியதும் சான்பிரான்சிஸ்கோ பக்கத்து ஏஞ்சல் தீவில், குடியேறுபவர்களை விசாரிக்கும் இடத்தில், அப்பாவைப் பிரித்து இவரைத் தனியாக வைத்துவிட்டார்கள். ஊரில் விட்டுவந்த அம்மாவை அதற்குப் பிறகு அவர் பார்க்கவே இல்லை. தாயைத் தேடி மான்குட்டி அலைகிற காட்டுக்கு நிறம் கொடுத்தவர் அப்படிப்பட்டவர். படத்தில் பின்னணி வரைந்தவர்களில் ஒருவர் என்ற அளவில்தான் அவர் பெயரைப் போட்டார்கள். 106 வயது வரை வாழ்ந்து 2016-இல் காலமானார்.

தாய்மான் சாகிற அந்த இடம் வந்ததும் சில பெற்றோர் ரிமோட்டை எடுத்து ஓட்டிவிடுகிறார்கள். குழந்தை பயந்துவிடுமாம். அவர்களிடம் எனக்கு ஒரு சண்டையே உண்டு. சாவு வீட்டுக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறோம், கருமாதிப் படையலில் பக்கத்தில் உட்கார வைக்கிறோம். நம் ஊர்ப் பிள்ளை எதையும் பார்க்காத பிள்ளை இல்லை. படமும் மறைக்க வேண்டியதைத் தானே மறைத்துவிடுகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு, அம்மாவைக் காணோம் என்பது மட்டும்தான் எட்டும். மீதி நமக்கு. பிள்ளை நம் கையைப் பிடித்தால் நாமும் பிடித்துக்கொள்வோம், போதும்.

வளர்ந்த கண்ணுக்குக் குறையும் தெரியும், அதையும் சொல்லிவிட வேண்டும். 1941-இன் 'டம்போ'வில் காக்கைகள் பேசுகிற விதம் கறுப்பின மக்களைக் கேலி செய்வது. 1953-இன் 'பீட்டர் பான்' அமெரிக்கப் பூர்வகுடிகளை இழிவாகக் காட்டுகிறது. 2020-இல் டிஸ்னியே இப்படிப்பட்ட படங்களுக்கு முன்னால் எச்சரிக்கை வாசகம் போடத் தொடங்கியது. எங்கள் வகுப்பில் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்யும் வழக்கம் இருக்கிறது. அதனால் இந்தக் காட்சிகளை வெட்டாமல், நிறுத்தி நிறுத்திப் பேசிவிட்டுத்தான் மேலே போவேன்.

சரி, எனக்கு ரொம்பப் பிரியமான படத்துக்கு வருகிறேன். ஜப்பானில் ஹயாவோ மியாசாகி எடுத்து 1988-இல் வந்த 'மை நெய்பர் டொட்டோரோ'. சாட்சுகி, மே என்று இரண்டு சிறுமிகள். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அப்பாவோடு ஒரு கிராமத்து வீட்டுக்குக் குடிவருகிறார்கள். அங்கே பெரிய மரத்தில் வாழ்கிற டொட்டோரோ என்ற பூதம் அவர்களுக்குச் சிநேகமாகிறது. சுற்றிலும் வயல், வரப்பு, வாய்க்கால். அந்தப் பச்சையை வரைய முன்னின்றவர் கசுவோ ஓகா என்ற கலை இயக்குநர். அம்மாவைப் பார்க்க மூன்று பேரும் ஒரே சைக்கிளில் போகும்போது வயலில் நடவு நடந்துகொண்டிருக்கும். வகுப்பில் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டியபோது வசனத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்த இடத்தில் என்னைப் பேசவே விடவில்லை. "டீச்சர், நாத்து நடுறாங்க!" என்று வகுப்பே கத்தியது.

பிள்ளைகளுக்கு அது டொட்டோரோ படம். எனக்கு அது சாட்சுகி படம். பத்து வயது சொச்சம்தான் இருக்கும். விடிந்ததும் சமைத்து, எல்லோருக்கும் மதியச் சாப்பாடு கட்டி, தங்கையைக் கிளப்பிவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிறாள். ஆஸ்பத்திரியில் அம்மா அவளை உட்கார வைத்துத் தலை வாரிவிடுவாள். தங்கை எனக்கும், எனக்கும் என்று நச்சரிக்க, இவள் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். அந்தக் கொஞ்ச நேரம்தான் அவள் குழந்தை. வேலை தேடி அம்மாவும் அப்பாவும் திருப்பூர் போய்விட, பாட்டி வீட்டில் இருந்துகொண்டு தம்பி தங்கைக்குத் தலை வாரிக் கூட்டி வருகிற பெண்பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். காலையில் அவர்கள் தாமதமாக வந்தால் இப்போதெல்லாம் நான் காரணம் கேட்பதில்லை. மியாசாகியின் சொந்த அம்மாவும் அவருடைய சிறுவயதில் முதுகெலும்புக் காசநோயால் வருஷக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்தான்.

அப்பா அந்தப் பெரிய மரத்தடியில் பிள்ளைகளை நிறுத்தி, என் மகளைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்று மரத்தைக் கும்பிடும் காட்சி ஒன்று உண்டு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறி எத்தனை மரம் சாய்ந்தது என்பது இங்கே இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். எங்கள் பள்ளி வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரமும் அன்றுதான் போனது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த மரம் நின்றதே தெரியாது.

அப்புறம் அந்தக் குளம். ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி வருகிறது, அம்மா இப்போதைக்கு வர முடியாது என்று தெரிகிறது. சாட்சுகி முதல்முறையாக வாய்விட்டு அழுகிறாள். அதைப் பார்த்த சின்னவள், தானே அம்மாவிடம் போகிறேன் என்று சோளக்கதிர் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி தனியாகக் கிளம்பிக் காணாமல் போகிறாள். ஊரே தேடுகிறது. குளத்தில் ஒரு சின்னச் செருப்பு கிடைத்ததும் ஆண்கள் கழியைவிட்டுத் துழாவுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி அந்தச் செருப்பைக் கைக்குள் வைத்து முணுமுணுவென்று சாமி கும்பிடுகிறாள். வகுப்பில் பிள்ளைகள் அடுத்து என்ன என்று சாதாரணமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டொட்டோரோ வரும் என்று அவர்களுக்குத் தெரியும். எங்கள் சத்துணவு சமையல் அக்கா, பாத்திரம் கழுவிவிட்டுக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், ஈரக்கையோடு உள்ளே வந்துவிட்டார். திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "அது அந்தப் புள்ளையோடது இல்ல டீச்சர். வார் வேற" என்றார். சாட்சுகி ஓடிவந்து அதே பதிலைச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டார். ஆறும் குளமும் உள்ள ஊரில் பிள்ளை வளர்த்தவர் அல்லவா, முன்னால் செருப்பைத்தான் பார்க்கிறார். அன்று பெஞ்சில் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து மீதிப் படத்தையும் பார்த்தார்.

இந்தப் படத்தைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சின்னவள் கிடைத்த பிறகு, பிள்ளைகள் இருவரையும் டொட்டோரோ வரவழைத்த, பூனை உருவில் இருக்கும் பேருந்து ஆஸ்பத்திரி வரை கொண்டுபோகிறது. மரக்கிளையில் உட்கார்ந்து ஜன்னல் வழியே அம்மாவைப் பார்க்கிறார்கள், அம்மா சிரிக்கிறாள், சோளக்கதிரை ஜன்னலில் வைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். அத்தோடு படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கும். அங்கே நிறுத்திவிடாதீர்கள். அம்மா குணமாகி வீட்டுக்கு வந்து காரிலிருந்து இறங்குவதை அந்தப் பெயர்களுக்கு நடுவே சின்னச் சின்னப் படங்களாகத்தான் வரைந்திருக்கிறார்கள். "அம்மா வந்துட்டாங்களா டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதில் அங்கேதான் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.