பழைய லெப்டொப்புக்கு எந்த லினக்ஸ்? கூடை எடையும் கொழுந்து எடையும்

(திரையில்: மேசை மேல் திறந்த லெப்டொப், வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஆவி பறக்கும் தேத்தண்ணி.)

வணக்கம். இந்த லெப்டொப்பின் பட்டனை அமுக்கிவிட்டுப் போய், அடுப்பில் தண்ணீர் வைத்து, தேத்தண்ணி ஊற்றி எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தும் விட்டேன், அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. இது என் தங்கச்சியுடையது. ஹட்டன் டவுனில் செகண்ட் ஹேண்டாக வாங்கினோம். நாலாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அவள் உயர் தரத்தில் ஐசிடி எடுத்திருக்கிறாள், இரவு ஏழு மணிக்கு ஸூம் வகுப்பு என்றால் ஆறரைக்கே இதைப் போட்டு வைக்க வேண்டியிருக்கிறது.

"அண்ணா, எந்த லினக்ஸ் ரொம்ப வேகம்?" என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். இன்றைக்கு இந்த லெப்டொப்பை வைத்தே பதில் சொல்கிறேன்.

பள்ளிப் புத்தகத்தில் 'பணிசெயல் முறைமை' என்று படித்திருப்பீர்களே, விண்டோஸ் அப்படி ஒன்று, லினக்ஸ் இன்னொன்று. லினக்ஸின் கருவை 1991இல் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுத ஆரம்பித்தார். அவரும் அப்போது மாணவர்தான். லினக்ஸ் திறந்த மூலம், அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், கொப்பி எடுத்துப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம், குற்றமில்லை. அதனால்தான் ஒரே கருவை வைத்து ஆளாளுக்கு ஒன்று கட்டியிருக்கிறார்கள். கண்டிக்குப் பக்கத்து ஹந்தானை மலையின் பெயரில் நம் நாட்டிலேயே ஹந்தானா லினக்ஸ் என்று ஒன்று வந்தது, ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸை அடியாக வைத்துச் செய்தது. அதைப் போடச் சொல்லவில்லை, ஒரு பாசத்துக்குச் சொன்னேன்.

ஏன் இப்போது மாற்ற வேண்டும்? விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும் கேட்கிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேறு. நம்முடையது நாலாம் தலைமுறை. குறுக்கு வழியில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்தான், ஆனால் 4 ஜிபியில் அது மூச்சு வாங்கும்.

சரி, வட்டம் நின்றுவிட்டது. முதலில் நோய் எங்கே என்று பார்ப்போம்.

(திரையில்: டாஸ்க் மனேஜர். டிஸ்க் என்ற பத்தி சிவந்து 100 காட்டுகிறது.)

பாருங்கள், ப்ரொசசர் சும்மா இருக்கிறது. ரேம் முக்கால்வாசி. டிஸ்க் மட்டும் நூற்றுக்கு நூறு. ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றுகிறது, இந்த மாதிரி லெப்டொப்பில் நிமிடத்துக்கு 5400 சுற்று. ஒரு சின்ன ஃபைலை எடுக்க ஊசி அந்த இடத்துக்கு நகர வேண்டும், அப்புறம் தட்டு சுற்றி வந்து அந்த இடம் ஊசிக்குக் கீழே வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். அரைச் சுற்றுக்கே ஐந்தரை மில்லி வினாடி போய்விடும், நகரும் நேரம் தனி. ஆக அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் ஃபைல்களை வினாடிக்கு நூறு கூட அதனால் எடுக்க முடியாது, லெப்டொப் எழும்பும்போது தேவைப்படுவதோ ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள். எஸ்எஸ்டி என்பது சிப்பில் சேமிக்கும் டிஸ்க், அதில் சுற்றுகிற தட்டே கிடையாது, அதே வேலையை வினாடிக்கு ஆயிரக்கணக்கில் செய்யும்.

ஆகவே லினக்ஸ் பற்றிய வீடியோவில் நான் சொல்லும் முதல் வேலை லினக்ஸே இல்லை. கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் 120 அல்லது 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி, பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். இதில் பின்பக்க ஆணிகளைக் கழற்றி, டிஸ்க்கைப் பக்கவாட்டில் இழுத்தால் வந்துவிடும், இதோ. மிச்சம் காசிருந்தால் இன்னொரு 4 ஜிபி ரேம். இந்த வயது லெப்டொப்புக்கு டிடிஆர்3எல் என்று கேட்டு வாங்க வேண்டும், அந்தக் கடைசி எல் முக்கியம், அது 1.35 வோல்ட்டில் ஓடுவது. எல் இல்லாததை வாங்கிக்கொண்டு வந்து, அது ஓடாமல், திரும்ப பஸ் ஏறிப் போன அனுபவம் எனக்கு உண்டு.

காசு இல்லை என்றால் பழைய டிஸ்க்கிலேயே லினக்ஸ் போடலாம், இப்போது இருப்பதைவிட நன்றாகவே ஓடும், ஆனால் மின்னல் வேகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது அடுத்த சண்டை, எந்த லினக்ஸ். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கென்று ஒரு எடையைக் கழிப்பார்கள், உங்களுக்குத் தெரியும். முதுகு வலிப்பது கூடையாலா, கொழுந்தாலா? அந்த மாதிரித்தான் இதுவும். பணிசெயல் முறைமை கூடை, ப்ரௌசர் கொழுந்து. இணையத்தில் ஆளாளுக்கு "என் லினக்ஸ் 300 எம்பிதான் எடுக்கும், உன்னுடையது 700" என்று மல்லுக்கட்டுவதெல்லாம் கூடை எடையைப் பற்றிய சண்டை. அப்புறம் ஃபயர்ஃபொக்ஸைத் திறந்து யூடியூப் ஒன்று, கூகுள் டிரைவ் ஒன்று, பாஸ்ட் பேப்பர் தேடி இன்னும் நாலு டேப் என்று போட்டால் ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று ஏறும், அது எந்த லினக்ஸாக இருந்தாலும் அப்படித்தான். 400 எம்பி மிச்சம் பிடிக்கப் போய், வைஃபை எங்கே, சத்தம் எங்கே, திரை வெளிச்சத்தைக் குறைக்கும் இடம் எங்கே என்று ஒரு கிழமை தேடிக்கொண்டிருப்பது படிக்கிற பிள்ளைக்கு லாபமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அதனால் 4 ஜிபி உள்ள லெப்டொப் என்றால் என் தேர்வு லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற பதிப்பு. மின்ட்டில் சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று இருக்கின்றன, மூன்றிலும் லேசானது இதுதான். கீழே பட்டை, இடது மூலையில் மெனு, விண்டோஸ் பழகிய கைக்குப் புதிதாக ஒன்றுமில்லை. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் வரும். உபுண்டு குடும்பத்து லினக்ஸான லுபுண்டு இதைவிட லேசு, அதன் 24.04 பதிப்புக்கு மூன்று வருட ஆதரவுதான், 2027இல் முடிகிறது. இன்னொரு காரணமும் உண்டு. உபுண்டு குடும்பத்தில் ஃபயர்ஃபொக்ஸ் ஸ்னாப் என்ற பொதியாக வரும், மெதுவான டிஸ்க்கில் முதல் தடவை திறக்க நேரம் எடுக்கும். மின்ட் ஸ்னாப்பை ஒதுக்கிவிட்டு ஃபயர்ஃபொக்ஸைச் சாதாரணப் பொதியாகவே தருகிறது.

2 ஜிபிதான் இருக்கிறது என்றால் லுபுண்டு, அதுவும் திணறினால் ஆன்டிஎக்ஸ் என்ற இன்னும் லேசான லினக்ஸ். 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் இருந்தால் எதை வேண்டுமானாலும் போடுங்கள், என்னிடம் கேட்கவே வேண்டாம்.

மிகப் பழைய நெட்புக் வைத்திருப்பவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள், ப்ரொசசர் 32 பிட்டா, 64 பிட்டா. விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் போனால் எழுதியிருக்கும். மின்ட் 64 பிட்டுக்கு மட்டும்தான். 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் கூட 32 பிட் இன்ஸ்டோலரை நிறுத்திவிட்டது, குரோம் 2016இலேயே லினக்ஸ் 32 பிட்டைக் கைவிட்டது. ஆன்டிஎக்ஸ் 23 இன்னும் 32 பிட்டில் கிடைக்கிறது, ஆனால் அந்த நெட்புக்கில் ஸூம் வகுப்பு நடக்கும் என்று நினைக்க வேண்டாம். தட்டச்சுப் பழக வைத்துக்கொள்ளலாம்.

(திரையில்: டவுன்லோட் பட்டை மெல்ல நகர்கிறது.)

மின்ட் ஃபைல் 3 ஜிபிக்குக் கிட்ட வரும். இரவு டேட்டா இருப்பவர்கள் நள்ளிரவுக்கு மேல் போட்டுவிட்டுத் தூங்குங்கள். எங்கள் பக்கம் மழை இறங்கினால் சிக்னல் விட்டு விட்டு வரும், இடையில் அறுந்து ஃபைல் பழுதாகியிருக்கலாம். அதனால் இறக்கிய ஃபைலின் எண்ணை மின்ட் தளத்தில் கொடுத்திருக்கும் எஸ்எச்ஏ256 என்ற நீண்ட எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். அப்புறம் 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று, மின்ட் ஃபைலை அதில் ஏற்ற ரூஃபஸ் அல்லது எச்சர் என்ற மென்பொருள். பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

லெப்டொப்பை அணைத்து, பென் டிரைவைச் செருகி, போடும்போதே டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 பட்டனைத் தட்டிக்கொண்டே இருங்கள். பட்டியல் வரும், பென் டிரைவைத் தெரிவு செய்யுங்கள். இப்போது மின்ட் பென் டிரைவிலிருந்தே ஓடுகிறது, டிஸ்க்கில் ஒன்றும் எழுதப்படவில்லை. உடனே இன்ஸ்டோலை அமுக்காமல் அரை மணி நேரம் விளையாடிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, கேமரா தெரிகிறதா, மைக்கில் குரல் ஏறுகிறதா, மூடித் திறந்தால் எழும்புகிறதா. வேகத்தை மட்டும் இப்போது எடை போடாதீர்கள், பென் டிரைவ் மெதுவானது. சில பழைய லெப்டொப்பில் இருக்கும் புரோட்கொம் வைஃபை சிப் முதலில் வேலை செய்யாது. போனை யூஎஸ்பி வயரில் மாட்டி, அதன் இணையத்தை லெப்டொப்புக்குக் கொடுக்கும் டெதரிங்கைப் போட்டு, மின்ட்டின் டிரைவர் மனேஜரைத் திறந்தால் அது தேவையான டிரைவரைக் காட்டும்.

இனி இன்ஸ்டோல். இங்கே என் மானத்தைக் கொஞ்சம் விற்கிறேன். முதல் தடவை பக்கத்து லயத்து அக்கா மகனின் லெப்டொப்பில் போட்டபோது, 'டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு' என்ற தெரிவைப் பார்க்காமல் அடுத்தது, அடுத்தது என்று தட்டிக்கொண்டே போய்விட்டேன். அவனுடைய அப்பா திருவிழாவில் காவடி எடுத்த படங்களெல்லாம் அதில்தான் இருந்தன. திரும்ப எடுக்க முடிந்தது பாதிதான். அந்த அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் குத்துகிறது. ஆகவே முதலில் எல்லாவற்றையும் வேறொரு இடத்தில் கொப்பி எடுங்கள், அதற்குப் பிறகு அந்தத் திரையில் இருப்பதை ஒவ்வொரு சொல்லாக வாசியுங்கள். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பட்டரி செத்த லெப்டொப் என்றால் இடி மின்னல் நாளில் இந்த வேலையே வேண்டாம், நடுவில் கரண்ட் போனால் மறுபடியும் முதலிலிருந்து.

விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் மின்ட் போடுகிறவர்களுக்கு ஒரு விசித்திரம் நடக்கலாம். லினக்ஸ் லெப்டொப்பின் உள் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று நினைக்கிறது. நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம். இரவு ஏழு மணி வகுப்பு தொடங்கும்போது விண்டோஸ் பகல் ஒன்றரை என்று காட்டும், நீங்களும் "இன்னும் நேரமிருக்கிறது" என்று படுத்திருப்பீர்கள். மின்ட்டில் ஒரு வரிக் கட்டளையால் சரியாகும், திரையில் போடுகிறேன், அப்படியே தட்டுங்கள்.

(திரையில்: டெர்மினலில் அந்தக் கட்டளை. பிறகு புதிய மின்ட் டெஸ்க்டொப்.)

எஸ்எஸ்டி போட்ட பிறகு பாருங்கள், பட்டனை அமுக்கியதிலிருந்து டெஸ்க்டொப் வரும் வரை நான் எண்ணினேன், இருபது எண்ணுவதற்குள் வந்துவிட்டது. தேத்தண்ணி போட நேரமில்லை.

4 ஜிபிக்காரர்கள் செய்ய வேண்டிய இன்னொன்று இசட்ரேம். ரேமில் உடனே தேவைப்படாததை அமுக்கிச் சுருக்கி ரேமிலேயே வைத்துக்கொள்ளும் வித்தை, ஊறுகாய்ப் போத்தலை அமுக்கி நிரப்புகிற மாதிரி. மென்பொருள் நிறுவும் சினெப்டிக்கைத் திறந்து இசட்ரேம் கொன்ஃபிக் என்று தேடிப் போட்டால் போதும். டேப் கூடும்போது லெப்டொப் உறைந்து நிற்பது நன்றாகக் குறையும்.

பாடத்துக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. உயர் தர ஐசிடியில் வரும் பைதன் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, எழுதிப் பழக தொனி என்ற மென்பொருளைப் போடுங்கள், ஒவ்வொரு வரியும் ஓடும்போது மாறிகளின் பெறுமானம் எப்படி மாறுகிறது என்று பக்கத்திலேயே காட்டும். ஸூமுக்கு லினக்ஸ் பதிப்பு உண்டு. கணிதத்துக்கு ஜியோஜெப்ரா. இல்லாதது என்ன? மைக்ரோசொப்ட் ஒஃபிஸ், ஃபொட்டோஷொப், ஆட்டோகேட். இவை இல்லாமல் உங்கள் பாடம் நடக்காது என்றால் விண்டோஸை அழிக்க வேண்டாம்.

தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியும் அதற்கான எம்17என் பொதியும் போட்டால் தமிழ்99 கிடைக்கும், இலங்கையில் பழக்கமான ரெங்கநாதன் விசைப்பலகையும் கிடைக்கும். சிக்கல் பாமினி என்ற பழைய எழுத்துருதான். ஆசிரியர் அனுப்பும் பாதிக் குறிப்பு இன்னும் பாமினியில்தான் வருகிறது. அந்த எழுத்துரு இல்லாத லெப்டொப்பில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கன்னாபின்னாவென்று தெரியும், ஃபைல் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். எழுத்துரு ஃபைலை யாரிடமாவது வாங்கி இருமுறை தட்டி நிறுவினால் சரியாகிவிடும்.

கொமியூனிகேஷன் கடைக்குப் பிரின்ட் எடுக்கப் போகும்போது மட்டும், வேர்டுக்குப் பதிலாக மின்ட்டில் இருக்கும் லிப்ரே ஒஃபிஸின் ஃபைலை அப்படியே கொண்டு போகாதீர்கள். அங்கே வேர்டில் திறந்தால் அட்டவணை ஒரு பக்கம், தலைப்பு ஒரு பக்கம் என்று ஓடிவிடும். மேலே பட்டையில் பிடிஎஃப் படம் போட்ட ஒரு பட்டன் இருக்கிறது, இதோ இது. இதை அமுக்கி, வருவதைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள்.