பொதுத் தரவுத்தளத்தில் யாருக்கு எந்த உரிமை?

[திரையில்: வாசிகசாலை மேசையொன்றில் திறந்திருக்கும் மடிகணினி]

வணக்கம். சுன்னாகம், மானிப்பாய், சாவகச்சேரி ஆகிய இடங்களிலுள்ள மூன்று சனசமூக நிலையங்கள் தங்கள் நூற்பட்டியலையும் உறுப்பினர் பதிவேட்டையும் போஸ்ற்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் அமைந்த ஒரே தரவுத்தளத்தில் வைத்திருப்பதாக எடுத்துக்கொள்வோம். எல்லோரும் ஒரே பயனர்பெயரையும் ஒரே கடவுச்சொல்லையும் பயன்படுத்தினால், நூறு நூல்களின் பதிவு ஒருநாள் அழிந்துபோகும்போது அழித்தவர் யாரென்று அறிய வழியிராது. தொண்டர் ஒருவர் வெளிநாடு சென்றுவிட்டால், அவருக்காகக் கடவுச்சொல்லை மாற்றி, மீதியுள்ள அனைவருக்கும் புதிதாக அறிவிக்கவும் வேண்டியிருக்கும்.

ஆகவே ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வேண்டும். ஆனால் உரிமைகளை அந்தக் கணக்குகளுக்கு நேரடியாகக் கொடுக்காமல், 'றோல்' எனப்படும் பொறுப்புகளுக்குக் கொடுத்து, ஆட்களை அந்தப் பொறுப்புகளில் சேர்ப்பதே நல்லது. நூற்பட்டியலில் வாசகருக்குப் பார்க்கும் உரிமையான செலெக்ற் மட்டும் போதும். இரவல் வழங்குபவருக்கு அதனுடன் புதிதாகச் சேர்க்கும் உரிமையான இன்சேர்ற், திருத்தும் உரிமையான அப்டேற் என்பனவும் தேவை. அழிக்கும் உரிமையான டிலீற் நிர்வாகியிடம் மட்டும் இருக்கட்டும். ஒருவர் விலகும்போது வழங்கியதைத் திரும்பப் பெறும் ரிவோக் என்ற ஒரேயொரு கட்டளையால் அவரை அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கிவிடலாம். வேலைக்குத் தேவையான அளவுக்கு மேல் எவருக்கும் உரிமை வழங்கக்கூடாது என்ற இந்த நெறியைக் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்களான சால்ற்சர், சுரோடர் ஆகிய இருவரும் 1975 ஆம் ஆண்டிலேயே தெளிவாக எழுதிவைத்தனர்.

[திரையில்: உறுப்பினர் அட்டவணை, அடையாள அட்டை நிரல் சிவப்பில்]

அதிகம் தவறு நேர்வது உறுப்பினர் அட்டவணையில்தான். இரவல் வழங்குபவருக்கு உறுப்பினரின் பெயரும் உறுப்புரிமை எண்ணும் தெரிந்தால் போதும். தேசிய அடையாள அட்டை இலக்கமோ வெறும் எண் அன்று: புதிய 12 இலக்க வடிவத்தில் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று பிறந்த நாளையும், அதே மூன்று பெண்களுக்கு 500 கூட்டப்படுவதால் பாலினத்தையும் காட்டிவிடும். நம்மை நம்பி உறுப்பினர்கள் ஒப்படைத்த தகவல் இது.

இதை மறைக்க எண்ணும் பலர், முழு அட்டவணைக்கும் செலெக்ற் உரிமையைக் கொடுத்துவிட்டு, அந்த ஒரு நிரலுக்கு, அதாவது அட்டவணையின் அந்தச் செங்குத்து வரிசைக்கு மட்டும் ரிவோக் செய்கின்றனர். கட்டளை பிழையின்றி ஓடும். ஆனால் எதுவும் மறையாது. அட்டவணை அளவில் வழங்கிய உரிமையை நிரல் அளவிலான ரிவோக் தொடுவதேயில்லை என்பதே காரணம். முதலில் அட்டவணை அளவிலான உரிமையை முழுவதும் திரும்பப் பெற்று, பின்னர் காட்ட வேண்டிய நிரல்களின் பெயர்களைக் குறிப்பிட்டுக் கிராண்ற் செய்ய, அதாவது உரிமை வழங்க வேண்டும். அதே உரிமை வேறொரு றோல் வழியாகவோ, எல்லோரையும் குறிக்கும் 'பப்ளிக்' வழியாகவோ இரவல் வழங்குபவருக்கு வந்துசேரவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். போஸ்ற்கிரெஸில் உரிமைகள் ஒன்றோடொன்று கூடுமேயன்றி, ஒன்று மற்றொன்றைத் தடுக்காது.

தரவுத்தளத்தில் முழு அதிகாரமும் கொண்ட சூப்பர்யூசர் கணக்கு இந்த உரிமைச் சோதனைகள் எல்லாவற்றையும் கடந்து செல்லும் என்பதால், அன்றாட வேலைக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம்.

[திரையில்: கட்டளைச் சாளரம்]

இப்போது நிர்வாகியாக இருந்தபடியே 'செற் றோல்' கட்டளையால் இரவல் வழங்குபவராக மாறி, அடையாள அட்டை நிரலைக் கேட்டுப் பாருங்கள். அனுமதி மறுக்கப்பட்டது என்ற செய்தி வரவேண்டும். எல்லா நிரல்களையும் குறிக்கும் நட்சத்திரக் குறியுடன் கேட்டாலும் அதே மறுப்புத்தான் கிடைக்கும் என்பதால், உங்கள் மென்பொருளிலுள்ள வினவல்களில் தேவையான நிரல்களைப் பெயர் சொல்லிக் கேட்கும்படி முன்கூட்டியே திருத்திவிடுங்கள்.