முதல் ஃபோர் அடிச்சவர் போட்ட பிட்ச்

வணக்கங்க. பாலக்கோடு பக்கம் நம்ம ஊர் கிரவுண்டுல இருந்து பேசறேன். எனக்குப் பின்னாடி தெரியுது பாருங்க, அது போன வாரத்துல இருந்து நான் போட்டுட்டு இருக்கற பிட்ச். காலையில தண்ணி விட்டேன். அது காயறதுக்குள்ள ஒருத்தரைப் பத்திச் சொல்லிடணும். சுதிர் நாயக்.

1974 ஜூலை 13, இங்கிலாந்துல லீட்ஸ். இந்தியா ஆடின முதல் ஒன் டே. கவாஸ்கர் கூட ஓப்பனிங் இறங்கினது இவர்தான். ஒன் டேல இந்தியாவோட முதல் ஃபோர் இவர் பேட்டுல இருந்து போனது. அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் எட்ஜ்பாஸ்டன்ல முதல் டெஸ்ட் ஆடி, ரெண்டாவது இன்னிங்ஸ்ல 77 அடிச்சாரு. ஆனா மொத்தமே 3 டெஸ்ட், 2 ஒன் டேதாங்க. அதோட சரி.

அப்புறம் வான்கடே ஸ்டேடியத்துல பிட்ச் பாத்துக்கற வேலைக்கு வந்தாரு. 2011 ஏப்ரல் 2, உலகக் கோப்பை ஃபைனல். நாம எல்லாரும் தோனியோட சிக்ஸரைத்தான் திரும்பத் திரும்பப் பாக்கறோம். நான் பாக்கறது முதல் அஞ்சாறு ஓவர். ஜாகீர் கான் தொடர்ந்து 3 மெய்டன், அதாவது ஒரு ரன் கூடக் குடுக்காத ஓவர், போட்டாரு. ஸ்ரீராம்பூர்னு ஒரு சின்ன ஊர்ல இருந்து மும்பைக்கு வந்த அந்தப் பையனைத் தன் கிளப்புல சேத்து வளத்துவிட்டது யாரு? இதே சுதிர் நாயக்! குரு போட்ட மண்ணுல சிஷ்யன் முதல் பந்து போடறான். நெனச்சாலே எனக்குப் புல்லரிக்குதுங்க.

நானும் எங்க ஊர் டீமுக்கு ஓப்பனரா ஆடினவன்தான். தோள்பட்டை போனதும் கிரவுண்டு பக்கமே வராம இருந்தேன். திரும்பக் கூட்டிட்டு வந்தது எங்க தாத்தாவோட களம். ராகி அடிக்கறதுக்கு முன்னாடி களத்துல தண்ணி தெளிச்சு, சாணி மெழுகி, கல் உருளை விட்டு இறுக்குவாரு. ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பாப்பாரு. உருண்டை பிடிக்கணும், கையில ஒட்டக் கூடாது. அதாங்க பதம். ஈரம் அதிகமானா உருளையில அப்பிக்கும். காஞ்சு போனா எத்தனை தடவை இழுத்தாலும் இறுகாது, மேல புழுதிதான் பறக்கும். பிட்சுக்கும் இதே கணக்குதான்.

நம்ம செம்மண்ணு தனியா நிக்காது, ஏரிக் களிமண்ணைச் சலிச்சுக் கலந்தாத்தான் பிடிப்பு வரும். களி ஜாஸ்தியானா வெயிலுக்கு வெடிச்சுரும். 22 கஜம் நீளம், 10 அடி அகலம். இத்தனை வருஷம் அது மேலயே ஓடியிருக்கேன், ஒரு நாளாவது குனிஞ்சு தொட்டுப் பாத்திருக்கேனான்னா இல்ல. அது இப்பதான் உறைக்குது.

சுதிர் நாயக் 2023 ஏப்ரல்ல, 78 வயசுல காலமானாரு. அடுத்த தடவை அந்த ஃபைனல் பாத்தீங்கன்னா, தோனி வரைக்கும் தள்ளிவிடாதீங்க, ஜாகீரோட முதல் ஓவர்ல பந்து குத்தற இடத்தைப் பாருங்க.

இருங்க, மண்ணு உருண்டை பிடிக்குது. கையில ஒட்டல. தம்பிங்க நாலு பேரு நிக்கறாங்க, உருளை இழுக்கப் போறோம்.