வரிசையில் முதலில் யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

"நெட் நல்லாத்தான் சார் இருக்கு, போன்ல பேசினா மட்டும் குரல் உடையுது." அலுவலக நெட்வொர்க்குகளைப் பார்த்துக்கொள்ளும் என் தொழிலில் நான் அதிகம் கேட்ட புகார் இது. ஒரு அலுவலகத்தில் காலை 11 மணி ஆனால் போதும், நெட்வொர்க் வழியாகவே பேசும் ஐபி போனைப் பிடித்துக்கொண்டு ஆளாளுக்கு "ஹலோ, ஹலோ" என்று கத்துவார்கள். லைன் நிரம்பிவிட்டதோ என்று கிராஃபைப் பார்த்தால் பாதிகூட இல்லை.

அந்த கிராஃப் 5 நிமிடச் சராசரி. நெரிசலோ சில மில்லிசெகண்டில் வந்து போய்விடும். எல்லாரையும் இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியில் கேபிள் செருகும் 24 போர்ட்டில் வருவதும் ஒரே அப்லிங்க், அதாவது வெளியே போகும் ஒரே லைன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். 11 மணிக்குக் கணக்குப் பிரிவின் பேக்கப் தொடங்கி மொத்தமாகக் கொட்டும். தகவல் காத்து நிற்கும் இடமான ஸ்விட்ச்சின் பஃபர் நிரம்பிவிடும், அதற்கு மேல் வருவது போச்சு. அப்படிப் போனதை எண்ணும் போர்ட்டின் டிராப் கவுன்ட்டரைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஏறியது.

நெட்வொர்க்கில் தகவல் பாக்கெட் என்ற சிறு துண்டுகளாகப் போகும். பாக்கெட் தொலைந்தால் பேக்கப் மறுபடி அனுப்பிக்கொள்ளும். பேச்சுக்கு அந்த வசதி இல்லை. குரலை எண்களாக மாற்றும் ஜி.711 முறையில் வழக்கமாக நொடிக்கு 50 பாக்கெட், ஒவ்வொன்றிலும் 20 மில்லிசெகண்ட் பேச்சு. எல்லாம் சேர்த்தாலும் ஒரு திசையில் நொடிக்கு ஏறத்தாழ 90 கிலோபிட்தான். அதற்கு இடம் அதிகம் வேண்டாம். காக்க வைக்காமல் விட்டால் போதும்.

அதற்காகத்தான் பாக்கெட்டில் ஒரு எண் குறிக்கிறோம். எந்தக் குழுவின் பாக்கெட் என்று சொல்லும் விலான் டேக்கில் 3 பிட், 0 முதல் 7 வரை. பாக்கெட்டின் முகவரிப் பகுதியான ஐபி ஹெடரில் டிஎஸ்சிபி என்று 6 பிட், 64 மதிப்புகள், பேச்சுக்கு 46. இதில் ஒரு வேடிக்கை உண்டு. விலான் டேக்கில் கடைசி ஆள் 0 இல்லை, 1. 0 சாதாரண ஆள். 1 என்றால் "எல்லாரும் போகட்டும், அப்புறம் வருகிறேன்" என்று ஒதுங்கி நிற்பவர்.

இதெல்லாம் தெரிந்த தைரியத்தில் ஸ்விட்ச்சில் க்யூஓஎஸ்ஸை, அதாவது இந்த எண்ணைப் பார்த்து வரிசை பிரிக்கும் வசதியை, ஆன் செய்தேன். குரல் முன்பைவிட மோசமானது! சில ஸ்விட்ச்கள் ஆன் செய்ததுமே எந்தப் போர்ட்டையும் நம்பாது. போன் போட்டு அனுப்பிய 46-ஐ அழித்து 0 ஆக்கிவிடும். போதாக்குறைக்கு பஃபரை நான்கு வரிசைகளுக்குப் பங்கு போட்டு, எல்லாரையும் அதில் ஒன்றிலேயே நெருக்கியடிக்கும். "இந்தப் போர்ட்டில் வரும் போனை நம்பு" என்று தனியாகச் சொல்ல வேண்டும். போனுக்குப் பின்னால் செருகிய கணினியை மட்டும் நம்பக் கூடாது. விவரமான பையன் யாராவது தன் டவுன்லோடுக்கும் 46 போட்டுக்கொள்வான்.

விஷயம் வெளியே கசிந்ததும், மேலாளர் தன் கணினியையும் போனுக்கான முன்னுரிமை வரிசையில் சேர்க்கச் சொன்னார். பின்னாலேயே கணக்குப் பிரிவும் வந்தது. திருவிழா நாளில் சிறப்பு தரிசன டிக்கெட்டை எல்லாரும் வாங்கிவிட்டால் தர்ம தரிசன வரிசையே சீக்கிரம் நகரும், பார்த்திருப்பீர்கள். இங்கே இன்னொரு ஆபத்தும் உண்டு. முன்னுரிமை வரிசையில் ஒரு பாக்கெட் நிற்கும்வரை மற்ற வரிசைகளை ஸ்விட்ச் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் அந்த வரிசைக்கு லிங்க்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதே என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு.

ஆக, போனுக்கு மட்டும் 46. மேலாளருக்கு 0. பேக்கப்பை, ஒதுங்கி நிற்கும் அந்த 1-இல் தள்ளினேன். மறுநாள் 11 மணிக்கு யாரும் கத்தவில்லை. பேக்கப் முடியச் சில நிமிடம் கூடுதலாக ஆகியிருந்தது. அதைக் கணக்குப் பிரிவு இன்றுவரை கவனிக்கவில்லை.