133 நாள் ஆட்சியும் வெள்ளை நோட்டும்

வணக்கம். போன வாரம் பாரீஸில் தொழிலாளர்கள் நடத்திய பாரீஸ் கம்யூன் ஆட்சியைப் பார்த்தோம், 72 நாள். இன்றைக்கு ஹங்கேரியின் கம்யூனிஸ்ட் ஆட்சி, அதாவது ஹங்கேரிய சோவியத் குடியரசு. இது 133 நாள்.

1919 மார்ச் 20. முதல் உலகப் போரில் தோற்றுத் துவண்டுபோன நாடு. பிரெஞ்சு ராணுவ அதிகாரி விக்ஸ், கிழக்கே இன்னும் பின்வாங்கச் சொல்லி நேச நாடுகளின் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறார். குடியரசுத் தலைவர் கரோயியின் அரசு பதவி விலகியது. மறுநாள் சோஷியல் டெமாக்ரட்டுகள், அதாவது மிதவாத சோஷலிசக் கட்சியினர், எங்கே போனார்கள் தெரியுமா? சிறைக்கு! கம்யூனிஸ்ட் தலைவர் பேலா குன் உள்ளே இருந்தார். சேர்ந்து ஆட்சி அமைக்கும் பேச்சுவார்த்தை அங்கேயே முடிந்தது. காலையில் கைதியாக இருந்தவர், ராத்திரி வெளியுறவுப் பொறுப்பாளர். பெயருக்குத் தலைவர் கார்பாய், பிடி குன் கையில்.

இந்த ஆட்சியை ருமேனியப் படைதான் கவிழ்த்தது என்பார்கள். சரிதான், ஆனால் அதற்கு முன்பே கிராமம் கைவிட்டுவிட்டது என்பது என் கணக்கு.

சுமார் 140 ஏக்கருக்கு மேற்பட்ட பண்ணைகளை அரசு எடுத்துக்கொண்டது. விவசாயி தனக்கு ஒரு துண்டு நிலம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. பிரித்துக் கொடுக்காமல் கூட்டுப் பண்ணை ஆக்கினார்கள். பல இடங்களில் மேற்பார்வைக்கு வந்து நின்றது அதே பழைய காரியக்காரர்! ரஷ்யாவில் லெனின்கூட 1917-இல் நிலத்தை விவசாயிகள் கையில் விட்டார். இவர்கள் அவரையே முந்தப் பார்த்தார்கள்.

அப்புறம் பணம். பழைய நோட்டை 'நீலப் பணம்' என்பார்கள். புதிதாக அடித்ததில் பின்பக்கம் வெறும் வெள்ளை, அதனால் 'வெள்ளைப் பணம்'. அதைக் கொடுத்தால் தானியம் தர மாட்டேன் என்று கிராமம் கையை விரித்தது. புடாபெஸ்டில் பசி. தானியம் பறிக்கப் போன இடத்தில் எதிர்ப்பு, அதை அடக்க கம்யூனிஸ்ட் தலைவர்களில் ஒருவரான சாமுவேலியின் ஆட்கள், தூக்கு.

நடுவில் ஒரு சுவாரசியம்: அப்போது நடிகர் சங்கம் அமைத்து ஓடியாடிய ஒருவர், ஆட்சி கவிழ்ந்ததும் நாட்டை விட்டே தப்பினார். பின்னாளில் ஹாலிவுட்டின் டிராகுலா, பேலா லுகோசி!

குன் ஆட்சியின் செஞ்சேனை வடக்கே செக்கோஸ்லோவாக்கியப் படையை ஜெயித்தது உண்மை. ஜூனில் அங்கே பிரெஷோவ் நகரில் ஸ்லோவாக் சோவியத் குடியரசுகூட அறிவித்தார்கள். ஆனால் பாரீசிலிருந்து பிரெஞ்சுப் பிரதமர் கிளெமான்சோ, நீங்கள் விலகினால் ருமேனியரும் விலகுவார்கள் என்றார். குன் நம்பி விலகினார். ருமேனியர் அசையவில்லை. செஞ்சேனையின் தலைமை அதிகாரி (Chief of Staff) ஸ்ட்ரோம்ஃபெல்ட் வெறுத்துப்போய்ப் பதவியை உதறினார்.

ருமேனியப் படை புடாபெஸ்டை நெருங்க, ஆகஸ்ட் 1, குன் வியன்னாவுக்கு ரயிலேறினார். கடைசியில் சோவியத் ரஷ்யா போய்ச் சேர்ந்தார். 1938-இல் அவரைக் கொன்றது ஸ்டாலினின் ஆட்சி.