லோவெல் பஞ்சாலை கிராமத்துப் பெண்ணுக்குக் கொடுத்தது விடுதலையே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவெல் ஊரின் பஞ்சாலைகள் கிராமத்துப் பெண்ணுக்குக் கொடுத்தது விடுதலையா, விலங்கா என்பதுதான் இன்றைய கேள்வி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் 1830, 40களின் லோவெல் ஆலையை அப்படியே கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். காலை 5 மணிக்கு வேலை, ராத்திரி 7 மணி வரைக்கும், இடையில் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி, மதியத்துக்கு முக்கால் மணி. நூல் அறுந்துவிடக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தி வைத்தார்கள், மூச்சு முழுக்கப் பஞ்சு. இதையெல்லாம் அடுக்கிவிட்டு "இது விலங்கு இல்லாமல் வேறென்ன?" என்று கேட்டார். அவர் சொன்ன ஒன்றையும் நான் மறுக்க மாட்டேன். எல்லாம் நடந்ததுதான். நான் கேட்பது வேறு: அந்தப் பெண் அங்கே வருவதற்கு முன்னால் எப்படி இருந்தாள்?

பக்கத்து மாநிலங்களான நியூ ஹாம்ப்ஷயரிலோ வெர்மான்ட்டிலோ கல்லும் கரடுமான ஒரு சின்னப் பண்ணை. விடிவதற்கு முன்னால் எழுந்து பால் கறக்கிறாள், வெண்ணெய் கடைகிறாள், நூல் நூற்கிறாள், தம்பி தங்கைகளையும் பார்த்துக்கொள்கிறாள். அங்கேயும் அவளுக்கு ஓய்வு கிடையாது. ஆனால் அத்தனை உழைப்புக்கும் அவள் கையில் ஒரு சென்ட் வராது, ஏனென்றால் அது அப்பாவின் பண்ணை, கல்யாணம் ஆனால் புருஷனின் பண்ணை. லோவெலில் மெர்ரிமாக் ஆற்றங்கரையில் 1823இல் தறி ஓடத் தொடங்கிய பிறகுதான் அதே பெண்ணுக்குத் தங்குமிடம், சாப்பாட்டுக்குப் பிடித்தது போக வாரத்துக்கு ஏறக்குறைய 2 டாலர் ரொக்கமாக வந்தது. அவள் பெயரிலேயே வங்கியில் கணக்கு இருந்தது. 1840 வாக்கில் அந்த ஊர் ஆலைகளில் சுமார் 8,000 பேர் வேலை செய்தார்கள், பெரும்பாலும் பெண்கள்.

இதில் ஒரு விஷயத்தை எதிரணி தொடவே இல்லை. அன்றைய சட்டப்படி மனைவியின் சம்பளம் புருஷனுக்குச் சேரும், அவன் கேட்டால் கம்பெனி அவனிடம் கொடுத்தாக வேண்டும். அதனால் சில பெண்கள் பெயரை மாற்றிக்கொண்டு லோவெலுக்கு வந்து வேலையில் சேர்ந்தார்கள்! பொய்ப் பெயரில் ஒளிந்து வந்த அந்தப் பெண்ணிடம் போய் "அம்மா, நீ வந்து சேர்ந்த இடம் சிறை" என்று சொல்லிப் பாருங்கள்.

சரி, முதலாளிகள் இவர்களுக்கு விடுதலை கொடுக்கத்தான் ஆலை கட்டினார்களா? இல்லை, லாபத்துக்குக் கட்டினார்கள். பெண்கள் விடுதியைக் கட்டியதும் கண்காணிக்கத்தான். ராத்திரி 10 மணிக்குக் கதவை அடைத்துவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் சர்ச்சுக்குப் போக வேண்டும். ஆனால் முதலாளி கணக்குப் போடாத ஒன்று நடந்தது. தனித்தனிப் பண்ணைகளில் ஒருத்தியை ஒருத்தி அறியாமல் கிடந்த பெண்களை ஒரே கூரையின் கீழே, ஒரு அறைக்கு நாலைந்து பேராகப் போட்டால் அவர்கள் பேசிக்கொள்ளாமல் இருப்பார்களா?

1834இல் கூலியைக் குறைப்பதாக அறிவிப்பு வந்தது. எதிர்த்துப் பேசிய ஒரு பெண்ணை வேலையை விட்டு நீக்கினார்கள். அவள் வெளியே வந்து தலையில் போட்டிருந்த தொப்பியைக் கழற்றிக் காற்றில் ஆட்டினாள், அவ்வளவுதான், உள்ளே இருந்தவர்கள் தறியை விட்டுவிட்டு இறங்கினார்கள். ஏறக்குறைய 800 பேர் ஊரைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். ஒருத்தி தெருவில் இருந்த தண்ணீர் பம்பின் மேல் ஏறி நின்று பெண்களின் உரிமையைப் பற்றிப் பேசினாள். தங்களைச் சுதந்திர மனிதர்களின் மகள்கள் என்று எழுதிக்கொண்டார்கள். அந்தப் போராட்டம் தோற்றது, உண்மைதான். ஆனாலும் வங்கியில் போட்ட பணத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போக முடிந்தது. அந்தச் சேமிப்பு இல்லாவிட்டால் தறியை விட்டு இறங்கத் துணிவு வந்திருக்குமா?

1836இல் விடுதிக் கட்டணத்தை உயர்த்தினார்கள், மறுபடியும் வேலைநிறுத்தம். அப்போது ஆலையில் வேலை பார்த்த ஹாரியட் ஹான்சன் என்ற சிறுமிக்கு வயது 11. நூல் சுற்றி நிறைந்த பாபினை, அதாவது நூல் உருளையைக் கழற்றிவிட்டுக் காலி பாபினை மாட்டுகிற வேலை. மேல்மாடியில் இருந்தவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள், இவள் வேலை செய்த அறையில் இருந்த பெரியவர்கள் போகலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டு நிற்கிறார்கள். இந்தக் குழந்தை, யார் வந்தாலும் வராவிட்டாலும் நான் போகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தாள். திரும்பிப் பார்த்தால் பின்னால் பெரிய வரிசை. அவளுடைய அம்மா புருஷனை இழந்தவர், கம்பெனி விடுதியை நடத்திப் பிழைத்தவர். மகளை அடக்கவில்லை என்று அந்த வேலையைப் பறித்துவிட்டார்கள். பழிவாங்கல்தான், மனசு கொதிக்கிறது. ஆனால் அந்த மகள் பின்னாளில் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர்களில் ஒருவரானாள், நடுவர் அவர்களே.

அப்புறம், எதிரணித் தங்கை பருத்தியைப் பற்றிக் கேட்டார், அடிமைகள் பறித்த பருத்தியில் ஓடிய ஆலை எப்படி விடுதலை ஆகும் என்று. இந்தக் கேள்வியில்தான் நான் உண்மையிலேயே தடுமாறினேன். லோவெலில் நெய்த பஞ்சு அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் அடிமைகள் பறித்த பஞ்சு. அங்கே நெய்த முரட்டுத் துணியில் ஒரு பகுதி அதே அடிமைகளுக்கே உடுத்தப் போனது. அமெரிக்காவில் 1790இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860இல் 40 லட்சத்தை நெருங்கினார்கள், பருத்தியின் பசிக்கு அதில் பெரும் பங்கு உண்டு. இந்தப் பாவத்தில் லோவெலுக்குப் பங்கில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் விலங்கு என்ற சொல்லை நாம் எங்கே வைக்க வேண்டும்? தெற்கே மிசிசிப்பி மாநிலத்துப் பருத்திக் காட்டில் இருந்த பெண்ணுக்குச் சம்பளம் இல்லை, வங்கி இல்லை, அவள் குழந்தையே அவளுக்குச் சொந்தமில்லை, வேலையை விட்டுப் போனால் நாய்களை விட்டுத் துரத்துவார்கள். லோவெல் பெண் மனு எழுதினாள், அதில் அடிமை முறைக்கு எதிரான மனுவும் உண்டு. இரண்டு பேருக்கும் ஒரே சொல்லைப் போட்டால் அந்தப் பருத்திக்காட்டுப் பெண்ணின் துயரம் சின்னதாகிவிடும்.

கடைசியாக 1845. பத்து மணி நேர வேலை கேட்டு 2,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டு மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். அந்த மனுவை விசாரித்த சட்டமன்றக் குழுவின் தலைவர் வில்லியம் ஸ்கௌலர், லோவெலின் சட்டமன்ற உறுப்பினர். மனு கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்களே நேரில் வந்து சொல்லாவிட்டால் மனுவை ஓரமாக வைத்துவிடுவோம் என்று எழுதினார். பெண்கள் சபைக்கு வந்து வாய் திறக்கக் கூசிய காலம் அது. ஆனால் ஆலைப் பெண்களின் தலைவி சாரா பாக்லியும் மற்றவர்களும் வந்தார்கள். ஆலைத் தொழிலாளி எலைசா ஹெமிங்வே தான் வேலை செய்த அறையில் எரியும் விளக்கைக்கூட எண்ணிச் சொன்னார்: 293 சின்ன விளக்கு, 61 பெரிய விளக்கு, அந்தப் புகைக்குள் 150 பேர். விளக்கை எண்ணி வைத்துக்கொண்டு சட்டமன்றத்துக்கு நடந்து போன பெண் அவர்!

குழு கையை விரித்துவிட்டது. பத்து மணி நேரச் சட்டம் 1874இல்தான் வந்தது. ஆனால் அந்தப் பெண்கள் அடுத்த தேர்தலில் ஸ்கௌலருக்கு எதிராகத் தீர்மானம் போட்டுப் பிரச்சாரம் செய்தார்கள். ஒருத்திக்குக்கூட வாக்கு இல்லை. ஸ்கௌலர் தோற்றார்.

என் நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.